கையெழுத்துப் போட்டால் எஸ்டிஆர் காசு போய்விடுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: அரசு மருத்துவமனைச் சேவையைத் தனியாருக்கு விடக்கூடாது என்ற மனுவில் கையெழுத்துப் போட்டால் எஸ்டிஆர் (குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசு தரும் ரொக்க உதவி) நின்றுவிடுமாம்.

பொய். எஸ்டிஆர் பார்ப்பது வருமானத்தை, கையெழுத்தை அல்ல; குடும்ப வருமானம் மாதம் 5,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. பேசவும் அமைதியாகக் கூடவும் குடிமக்களுக்கு உரிமை உண்டு என்கிறது கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆவது பிரிவு.

'கிளினிக்கில் இனி 30 ரிங்கிட்' என்றும் அதே குரல் பயமுறுத்துகிறது. (தன் பெயரை மட்டும் சொல்லவில்லை!) குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட்தான். நேற்றுகூட, ரப்பர் பால்வெட்டு முடித்து வந்த அக்கா ஒருவர் மடித்து வைத்திருந்த நீல நிற ஒரு ரிங்கிட் நோட்டைப் பிரித்து நீட்டினார். ஐசியை (அடையாள அட்டையை) பார்த்துவிட்டு எண் சீட்டைக் கொடுத்தார்கள்.