98-ல நிக்கிற பென்டிரைவ்

இன்னொரு ஊழல் படம் பாத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். மணி ஒண்ணரை. எழுதிட்டுப் படுத்தாத்தான் தூக்கம் வரும்.

பென்டிரைவ் சீன். எதுன்னு உங்களுக்கே தெரியும். ராத்திரி ஆபீஸ், ஆளில்ல, ஹீரோ சொருகுறான். பச்சைக் கோடு ஓடுது. 40. 62. வராண்டால பூட்ஸ் சத்தம். 87. சத்தம் கிட்ட வருது. 98. நின்னுருச்சு. அங்க நிக்காம வேற எங்க நிக்கும்? பக்கத்துல என் மச்சினன் என் மணிக்கட்டப் புடிச்சு நசுக்குறான். 'வெரசாடா, வெரசாடா'ன்னு திரையப் பாத்துக் கத்துறான். 99. கதவுப் பிடி திரும்புது. 100. உருவிட்டான்! ஜன்னல் வழியாக் குதிச்சுட்டான்! தியேட்டரே விசில். மச்சினன் நகம் பதிஞ்ச தடம் இப்பயும் என் கையில செவசெவன்னு இருக்கு.

ஏம்ப்பா, நம்ம ஆபீஸ்கள்ல அந்த சிஸ்டம் ஆனாகவே கால்மணி நேரம் ஆகும். அதுல மொத்த ஊழலையும் ஒரே ஃபோல்டர்ல அடுக்கி, மேல பேரும் எழுதி வச்சிருப்பானாம். நான் கேட்டது எங்க தெருவுக்கு பேவர் பிளாக் போட்ட பில்லோட நகல். அம்புட்டுத்தான். 10 ரூபா கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல மனு. 30 நாள்ல பதில் தரணும். சரியா 30-வது நாள் வந்துச்சு: 'கோப்பு தேடப்பட்டு வருகிறது.' மேல்முறையீடு போட்டேன். அப்புறம் வந்த பதில்: 'பணி முழுமையாக முடிக்கப்பட்டுள்ளது.' அதப் படிச்சுட்டு வாசலுக்கு வந்து பாக்குறேன், எதிர்வீட்டு அண்ணே செருப்ப ஒரு கையிலயும் வேட்டிய ஒரு கையிலயும் புடிச்சுக்கிட்டு சகதியில தாண்டித் தாண்டி வாராரு. முடிக்கப்பட்ட பணி மேலதான்.

சரின்னு மேல புகார் எழுதினேன். எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், எல்லா ஆபீஸும் ஒண்ணுதான். ஒரு வாரத்துல போன். 'சார், மனு எழுதுனது நீங்கதானா? கையெழுத்து மணிமணியா இருக்கு சார்.' யாருங்கன்னேன். புகார் யார் மேலயோ, அவரேதான். 'மேல இருந்து என்னையவே விசாரிக்கச் சொல்லி அனுப்பியிருக்காங்க சார். விசாரிச்சேன். ஒண்ணும் இல்ல சார்.' சிரிக்கக்கூட இல்லைங்க மனுசன். அவ்வளவு மரியாதை. சாயங்காலம் மெசேஜ்: 'தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது.'

இத எந்தப் படத்துலயாவது காட்டியிருக்கானா? படத்துல நாப்பது மைக் முன்னால ஹீரோ பேசுவான், டீக்கடை டிவியில பாட்டி அழும், மந்திரி நெஞ்சப் புடிப்பாரு, பேரு ஓடும். அதுக்கு மறுநாள் காலையில அவன் எந்த ஆபீஸ்ல எந்த ஸ்டூல்ல உக்காந்திருந்தான்? அதக் காட்டுங்கய்யா.

படம் விட்டு வெளிய வந்தா மச்சினன் கண்ணெல்லாம் செவந்திருக்கு. கோரிப்பாளையத்துல வண்டிய நிறுத்தி டீ சொன்னோம். 'நாட்டுக்கு இப்பிடி நாலு பேரு வேணும் மாமா'ன்னான். நெகிழ்ந்துட்டேன். ஒரு வாய் உறிஞ்சுட்டு, அதே மூச்சுல, 'மாமா, அந்த பேவர் பிளாக் மனுவ வாபஸ் வாங்கிருங்க. அவரு நம்ம பிரெண்டோட சித்தப்பா. அக்கா பயப்படுது.'

'இப்பத்தானடா என் கையப் பிச்சுத் திங்கப் பாத்த?'

'அது படம் மாமா.'

நான் விட்டேனா? டீ ஆறுறது தெரியாம ஆரம்பிச்சுட்டேன். மாப்ள, சத்யேந்திர துபேன்னு ஒரு எஞ்சினியரு. நாற்கரச் சாலையில நடந்த கூத்தப் பிரதமர் ஆபீஸுக்கே எழுதினாரு, என் பேர வெளிய விடாதீங்கன்னு கேட்டுக்கிட்டு. பேரோடயே அந்தக் கடுதாசி மேசை மேசையாப் போச்சு. 2003 நவம்பர்ல கயாவுல சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்த மாதிரி ஆளுகளக் காப்பாத்த 2014-ல சட்டமே போட்டாங்கடா. போட்டு என்ன, இன்னும் நடைமுறைக்கு வரல. சட்டமும் 98-லதான் நிக்குது.

'அதெல்லாம் வடக்க மாமா.'

வடக்கயா? இந்தா இருக்கு மேலூரு. கிரானைட்ல அரசாங்கத்துக்கு 16,000 கோடிக்கு மேல போச்சுன்னு கலெக்டரா இருந்த சகாயம் 2012-ல எழுதினாரு. அதே மாசம் கோ-ஆப்டெக்ஸுக்கு மாத்தல். போய்ச் சேல வித்துப் பாருன்னுட்டாங்க. அதையும் அந்த மனுசன் நல்லா வித்தாரு, அது வேற. அப்புறம் கோர்ட் விசாரிக்கச் சொல்லித் திரும்பி வந்து, 2015-ல, நரபலி குடுத்துப் பொதைச்சதா வந்த புகாருக்காகத் தோண்ட வேண்டிய எடத்த ராவோட ராவா யாரும் கலைச்சுறக் கூடாதுன்னு சுடுகாட்டுலயே படுத்தாரு. பென்டிரைவும் இல்ல, பின்னணி இசையும் இல்ல. கொசு மட்டும்.

டீக்கடைக்காரரு கிளாஸ் கழுவுறத நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டிருந்தாரு. அடடா, ஒருத்தருக்காவது உறைச்சுச்சேன்னு நெனச்சேன். 'சார், ரெண்டு டீ முப்பது ரூபா. கடை சாத்தணும்'னாரு.

அதுக்கு மேல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. மச்சினன்தான் காசு குடுத்தான், அதுவரைக்கும் லாபம்.

வீட்டுக்கு வந்து செல்லத் தொறந்தா அவன் ஸ்டேட்டஸ்: தியேட்டர்ல இருட்டுல எடுத்த பிரஸ் மீட் வசனம், நெருப்பு பொம்மை மூணு, கீழ 'உண்மை ஒருநாள் வெல்லும்'. பக்கத்துல யாரோ இருமுறது கேக்குது. நான்தான்.

வெல்லட்டும் மாப்ள. வெள்ளையடிக்கணும்னு பொங்கலுக்கு முன்னால தூக்கிட்டுப் போன ஏணிய மட்டும் எப்ப கொண்டாருவ? ஓட்டுல ஒழுகுதுடா.