செயலி உங்களுடையது, கைபேசி அவளுடையது

மென்பொருள் நிறுவனம் ஒன்று தன் பெண் ஊழியருக்கு அனுப்பிய செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக அதை இங்கே மறுபடியும் போடப் போவதில்லை. அதில் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கிறது. அதை மறைக்காமலேயே பகிர்ந்துகொண்டிருக்கும் புண்ணியவான்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள். "டெவலப்பர் ஆப்ஷனை அணைத்துவிட்டு வருகையைப் பதியவும், இல்லையேல் அரைநாள் விடுப்பாகக் கருதப்படும்" என்ற அந்த வரிக்குக் கீழே நானூறு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நிறுவனத்தில் நானும் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன். அந்தப் பெண் இன்றைக்கும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள்.

நடந்தது இவ்வளவுதான். அவளுக்கு அங்கே செயலிகளைச் சோதிக்கும் வேலை. வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய செயலியைத் தன் சொந்தக் கைபேசியில் ஏற்றி, கணினியோடு கம்பி மாட்டி, முந்தின நாள் இரவுவரை சோதித்திருக்கிறாள். அதற்குக் கைபேசியின் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருக்க வேண்டும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டித் திறக்கும் அந்தப் பட்டியல் இல்லாமல் இந்தத் தொழிலில் ஒரு நாள்கூட ஓடாது. மறுநாள் காலை ஒன்பதரைக்கு முன்பே வந்து, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில், மூன்றாவது மாடியில் தன் நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு வருகைப் பதிவுச் செயலியைத் திறந்தால், அது திறக்க மறுக்கிறது. இருப்பிடத்தைப் போலியாகக் காட்டும் வசதியும் அந்தப் பட்டியலில் இருப்பதால், டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருப்பவர் எல்லோரும் திருடர்கள் என்பது அந்தச் செயலியின் முடிவு. அவள் அதை அணைத்து, கைபேசியை மறுபடி துவக்கி, செல்ஃபி எடுத்து, இருப்பிடம் பிடிபடுவதற்குள் நேரம் கடந்துவிட்டது. அரைநாள் சம்பளம் போயிற்று. செயலி எழுதிப் பிழைக்கும் ஒரு நிறுவனம், செயலி சோதிப்பவளிடம், சோதிப்பதற்கான கதவைச் சாத்திவிட்டு உள்ளே வா என்கிறது. இதற்குப் பெயர் தொழில்நுட்ப மேம்பாடாம்.

இருப்பிடம் போலியா என்று கண்டுபிடிக்க இவ்வளவு முரட்டுத்தனம் தேவையே இல்லை. ஓர் இருப்பிடத் தகவல் போலிச் செயலியிலிருந்து வருகிறதா என்று ஆண்ட்ராய்டிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி 2013-ல் வந்த 4.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. அதை ஏமாற்றவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் மொத்தக் கதவையும் அடைப்பது சோம்பேறித்தனம். வருகை பதிய அலுவலகத்தைச் சுற்றி அந்தச் செயலியில் வைத்திருக்கும் எல்லைக்கோடு வெறும் ஐம்பது மீட்டர். குறைந்தது நூறிலிருந்து நூற்றைம்பது மீட்டராவது வையுங்கள் என்பது கூகுள் தன் ஆவணத்திலேயே சொல்லும் அறிவுரை. கான்கிரீட் கட்டடத்துக்குள் ஜிபிஎஸ் எப்படி அலையும் என்று இந்த நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குப் படம் போட்டு விளக்கியிருக்கிறது. படம் வரைந்து கொடுத்தவனே நான்தான்.

ஆனால் என் ஆத்திரம் செயலியின் தரத்தைப் பற்றியது அல்ல. நல்ல செயலியாக இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன். அந்தக் கைபேசி அவளுடையது. தவணையில் வாங்கியது, இன்னும் தவணை முடியவில்லை. ரீசார்ஜ் அவளுடையது. அதில் அவளுடைய அம்மாவின் குரல் செய்திகளும், தம்பியின் மதிப்பெண் பட்டியலும், அவளுக்கு மட்டுமே தெரிய வேண்டிய ஆயிரம் விஷயங்களும் இருக்கின்றன. உங்களுக்கு வருகைப் பதிவு வேண்டுமா, ஒரு கைபேசி வாங்கிக் கொடுங்கள். சோதனைக்கு வேண்டுமா, இன்னொன்றும் வாங்கிக் கொடுங்கள்.

சின்ன மென்பொருள் நிறுவனங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சோதனைச் சங்கதி புரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். முன்பெல்லாம் ஆண்ட்ராய்டுக்கு ஒருவர், ஐபோனுக்கு ஒருவர் என்று தனித்தனியாக எழுதினோம். கூகுளின் ஃப்ளட்டர் என்ற செயலி எழுதும் கருவி 2018 டிசம்பரில் முதல் பதிப்பாக வந்ததும், ஒரே நிரலில் இரண்டும் முடியும், ஆள் பாதி போதும் என்று முதலாளிகளுக்கெல்லாம் ஒரே குதூகலம். எழுதும் ஆள் குறையலாம். சோதிக்கும் வேலை குறையவில்லை. ஒவ்வொரு பிராண்டுக் கைபேசியும் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று பின்னணியில் ஓடும் செயலியை ஒவ்வொரு விதமாகக் கொல்லும். கணினிக்குள் ஓடும் போலிக் கைபேசியான எமுலேட்டரில் இதெல்லாம் அப்படியே தெரியாது. கையில் நிஜக் கைபேசி வேண்டும். அதற்கு நிறுவனம் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? "யாருகிட்ட விவோ இருக்கு? யாருகிட்ட பழைய ரெட்மி இருக்கு?" என்று அறை நடுவில் நின்று கூவுவதுதான். யாரிடம் இருக்கிறதோ அவர் கைபேசி அன்று மாலைவரை அலுவலகச் சொத்து. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் நாலு மேசை தள்ளி யாரோ எடுத்து, "சோதனையில இருக்கு, அப்புறம் கூப்பிடுங்க" என்பார்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒருவருக்குச் செயலியைக் காட்ட வேண்டும். நிறுவனத்தின் சோதனைக் கைபேசி உயிரை விட்டுவிட்டது. என் கைபேசியைப் பெரிய திரையில் இணைத்தோம். நான் பேசிக்கொண்டே இருக்கும்போது, உச்சியில் கூட்டுறவு வங்கியின் குறுஞ்செய்தி இறங்கியது. நகைக்கடன் கெடு முடிந்துவிட்டது, இத்தனை ரூபாய் கட்டாவிட்டால் ஏலம். தொகையோடு, கணக்கின் கடைசி நான்கு எண்களோடு, ஐம்பத்தைந்து அங்குலத் திரையில். யாரும் சிரிக்கவில்லை. வாடிக்கையாளர் நாகரிகமாகத் தண்ணீர் டம்ளரைப் பார்த்தார். அன்று மாலை முதலாளி தோளில் தட்டி, "நோட்டிஃபிகேஷனை அணைச்சுட்டுல்லா காட்டணும், ப்ரொஃபஷனலா இருக்க வேண்டாமா" என்றார். அந்த நகை என் மனைவியுடையது. அவள் அதை அடகு வைக்கக் கொடுத்தபோது யாருக்கும் தெரிய வேண்டாம் என்றுதான் கேட்டிருந்தாள்.

என் அப்பா அரசுப் பேருந்தில் நடத்துநர். திருநெல்வேலி பாபநாசம் வண்டியில் பல காலம் போனார். டிக்கெட் கட்டு டிப்போவில் கொடுப்பது. தோல் பை டிப்போவில் கொடுப்பது. கடைசிக் காலத்தில் வந்த டிக்கெட் இயந்திரமும் அப்படியே. இரவு வசூலைக் கட்டிவிட்டு அதை ஒப்படைத்தால் அப்பா வீட்டுக்கு, இயந்திரம் டிப்போவுக்கு. அந்தப் பையில் தன் வெற்றிலையைக்கூட வைக்க மாட்டார், "அது கவருமெண்டு பை ஏல, அதுல நம்ம சாமான் எதுக்கு?" என்பார். அதன் மறுபக்கமும் அவருக்குத் தெரியும். டிக்கெட் இயந்திரத்தை உன் காசில் வாங்கிக்கொண்டு வா, அதற்கு மின்சாரமும் உன் வீட்டில் ஏற்று என்று எந்தக் கிளை மேலாளராவது சொல்லியிருந்தால், மறுநாள் ஒரு வண்டி வெளியே போயிருக்காது. பத்தாவது படித்த நடத்துநருக்கு இருந்த அந்தத் தெளிவு பொறியியல் படித்த நமக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

"சின்ன நிறுவனம், பாவம், எங்கே போவார்கள்?" என்று சிலர் கேட்பீர்கள். சின்ன நிறுவனம் என்பது எனக்கும் தெரியும். சம்பளத் தேதியில் அவர்கள் திணறியதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் வரவேற்பறைக்குக் கண்ணாடித் தடுப்பும், அதில் தங்க எழுத்தும், முதலாளிக்கு நிறுவனக் கணக்கில் ஐபோனும் வாங்கப் பணம் இருந்தது. ஐபோன் பதிப்பைச் சோதிக்க அந்த ஒன்றுதான் இருக்கிறது என்பதால், அவர் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து வாங்கி ஓடுவோம். வருகையைப் பதிய வாசலில் விரல்ரேகைக் கருவி இருக்கவே இருக்கிறது. கொரோனா காலத்தில் துணி போட்டு மூடியது, இன்னும் அந்தத் துணியோடே இருக்கிறது. துணியை எடுக்கக் காசு ஆகாது.

"பெரிய கம்பெனிகளிலும் சொந்தக் கைபேசிதானே?" என்பது அடுத்த கேள்வி. ஒழுங்காக நடத்தும் இடங்களில் ஆண்ட்ராய்டின் வொர்க் புரொஃபைல் என்ற தனி அறையை அமைத்துக் கொடுப்பார்கள். அலுவலகச் செயலி அதற்குள் இருக்கும், வீட்டுச் சமாச்சாரத்தை எட்டிப் பார்க்காது. 2014-ல் வந்த வசதி. கலிஃபோர்னியாவில் அதே 2014-ல், வேலைக்காகச் சொந்தக் கைபேசியைப் பயன்படுத்த வேண்டியிருந்தால் அதன் கட்டணத்தில் நியாயமான ஒரு பங்கை முதலாளி தர வேண்டும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அமெரிக்காவிலிருந்து தினமும் நின்றுகொண்டே பேசும் ஸ்டாண்ட்-அப் கூட்டத்தையும், வேலையைச் சில வாரக் கெடுக்களாகப் பிரிக்கும் ஸ்பிரிண்ட்டையும் இறக்குமதி செய்கிறவர்களுக்கு இந்தச் சரக்கு மட்டும் ஏன் கப்பலில் ஏறவில்லை?

வழக்கறிஞர் நண்பர் ஒருவர், 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 7-ஆம் பிரிவு, வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்குத் தனி ஒப்புதல் இல்லாமலே தரவைக் கையாள இடம் கொடுக்கிறது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். சரி, கொடுக்கட்டும். அந்தப் பிரிவு தரவைப் பற்றிப் பேசுகிறது. தவணை கட்டுவது யார் என்று பேசவில்லை. இதே மாநிலத்தில், கடை ஊழியர்களுக்கு உட்கார ஓர் இருக்கை கொடுங்கள் என்பதற்கே 2021-ல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. வண்ணார்பேட்டை ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களைப் பார்த்து, ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு மாடியேறி ஏசி அறைக்குப் போனவர்கள்தான் நாம். நாம் வேறு, அவர்கள் வேறு என்று நினைத்துக்கொண்டு போனோம்.

ஏமாற்றுகிறவர்களை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வரும். ஏமாற்றுகிறவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இருபது பேர் உட்காரும் அறையில் யார் வந்தார், யார் வரவில்லை என்று பார்க்கச் செயற்கைக்கோள் தேவையில்லை, தலையை நிமிர்த்தினால் போதும்.

என்னை மிகவும் புண்படுத்திய பின்னூட்டம் வேறு. "சென்னைக்குப் போய் மேன்ஷனில் கிடக்காமல் வீட்டுச் சாப்பாட்டோடு ஊரிலேயே வேலை கிடைத்திருக்கிறதே, அதற்கு நன்றி வேண்டாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நெல்லை எக்ஸ்பிரஸில் நானும் போய்த் திரும்பியவன்தான். ஊரில் வேலை கொடுத்தது பெரிய காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுச் சாப்பாட்டை வீட்டில் என் அம்மா போடுகிறாள். அதை நிறுவனம் தன் சலுகைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது என்ன கணக்கு? நாம் ஒரு குடும்பம் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வார்கள். எந்தக் குடும்பத்தில் ஐம்பது மீட்டருக்கு வெளியே நின்றால் அரைநாள் சம்பளம் பிடிக்கிறார்கள்?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். தாமிரபரணி ஏறி, ரயில் சந்திப்புப் பகுதியே தண்ணீரில் நின்றது. மின்சாரம் இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு மொட்டை மாடியில் நின்றுகொண்டு, கிடைத்த ஒற்றைக் கோடு சிக்னலில், வாடிக்கையாளரின் சர்வரை விழாமல் பார்த்துக்கொண்டது இந்தப் பெண்ணும் இன்னும் இரண்டு பையன்களும். சொந்தக் கைபேசி, சொந்த டேட்டா, பக்கத்து வீட்டுக்காரர் பைக்கில் ஏற்றிய சார்ஜ். அன்றைக்கு டெவலப்பர் ஆப்ஷன் திறந்திருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. வாடிக்கையாளரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அது ஃப்ரேம் போட்டு அந்தக் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தொங்குகிறது. ரீசார்ஜ் காசு இன்றுவரை வரவில்லை.

இதையெல்லாம் அலுவலகத்துக்குள் பேசியிருக்க வேண்டும், முகநூலில் எழுதுவது அநாகரிகம் என்று நிர்வாகத்துக்கு வேண்டியவர்கள் சொல்கிறார்கள். அங்கே இருந்த காலத்தில் குழுவிலும் எழுதினேன், நேரிலும் சொன்னேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் பொம்மை வந்தது. நிறுவனத்தின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை. பின்னூட்டத்திலும் யாரும் போடாதீர்கள். அவள் அங்கேதான் நாளைக்கும் வேலைக்குப் போக வேண்டும்.

அரைநாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்தப் பதிவை நீக்குவாயா என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். நீக்க மாட்டேன். சோதனைக்கு இரண்டு கைபேசி வாங்கி அவள் மேசையில் வைத்துவிட்டு, விரல்ரேகைக் கருவியின் துணியையும் எடுத்துவிட்டு, அதற்குப் பிறகு வந்து கேளுங்கள்.