காய்ச்சல் பார்க்கும் டாக்டரிடம் ஊசியை மறைக்காதீர்கள்

எடை குறைய ஓசெம்பிக், மவுஞ்சாரோ மாதிரி ஊசி போடுகிறவர்களோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. சர்க்கரை, மூட்டுவலி என்று அவதிப்படுகிற பலருக்கு அது நன்றாகவே உதவுகிறது. ஊசியை ரகசியமாக வைத்துக்கொண்டு காய்ச்சலுக்கு வேறொரு டாக்டரிடம் போகிறார்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

கேரள எல்லையோரத்தில் இருக்கிற எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இது சுலபமாக நடக்கும். ஊசி எழுதிக் கொடுப்பவர் கோயம்புத்தூரில் இருப்பார். காய்ச்சல் வந்தால் வேலந்தாவளம் எல்லையைத் தாண்டி யார் அவ்வளவு தூரம் போவது? பக்கத்து கிளினிக்தான். ஆடிக் காற்றில் வீட்டுக்கு ஒருவர் இருமிக்கொண்டிருந்தபோது சித்தியும் அப்படித்தான் போனார். "வேறு மருந்து ஏதாவது எடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "பிரஷர் மாத்திரை மட்டுந்தானுங்க." பக்கத்தில் நாத்தனார் நின்றிருந்தார். நடந்தே இளைத்ததாக ஊரெல்லாம் சொல்லி வைத்த பிறகு ஊசி எப்படி வாயில் வரும்! உடம்பு வலிக்கு ஐபுபுரூஃபன் கிடைத்தது. கஞ்சியைப் பார்த்தாலே குமட்டல், தண்ணீர்கூட இறங்கவில்லை. கடைசியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று.

இந்த ஊசி பசியை அடக்கும், இரைப்பை காலியாவதையும் மெதுவாக்கும். வைரஸ் காய்ச்சலிலும் சாப்பாடு பிடிக்காது. வியர்வையில் நீர் போகும். வாந்தியும் சேர்ந்தால் உடம்பு வறண்டு சிறுநீரகத்தில் போய் நிற்கும். அந்த நிலையில் சில பிரஷர் மாத்திரைகளோடு ஐபுபுரூஃபனும் உள்ளே போனால் ஆபத்து இன்னும் கூடும். சர்க்கரைக்கு இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கவும் செய்யும். அதற்காக இன்சுலினைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது வேறு வம்பு.

"சரி, இந்த வாரம் ஊசி போடலை, முடிஞ்சுது" என்பார்கள். முடியாது. ஓசெம்பிக்கில் இருக்கிற செமாகுளுடைடு மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மவுஞ்சாரோவுக்கு 5 நாள். ஆகவே ஊசியைத் தள்ளிப்போட்டவரும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும்.

சாதாரணச் சளி, கஞ்சியும் தண்ணீரும் இறங்குகிறது என்றால் பெரும்பாலும் ஊசியை நிறுத்தத் தேவை இருக்காது. வாந்தி நிற்கவில்லை, சிறுநீர் குறைந்து அடர் நிறத்தில் போகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன்னால் எழுதிக் கொடுத்தவருக்கு ஒரு போன் போடுங்கள். வயிற்று வலி கடுமையாகி முதுகுக்குப் பரவினால் போனெல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. கணைய அழற்சியாக இருக்கலாம். காய்ச்சல் வாரத்தில் டோஸை ஏற்றுவதும் வேண்டாம்.

விட்டுப்போன ஊசிக்கும் கணக்கு உண்டு. மவுஞ்சாரோ என்றால் 4 நாளுக்குள், ஓசெம்பிக் என்றால் 5 நாளுக்குள் போடலாம். அதைத் தாண்டினால் அந்த வாரத்தை விட்டுவிட்டு வழக்கமான நாளில் தொடர வேண்டும். சேர்த்து இரண்டு போடக் கூடாது. பல வாரம் விட்டவர்கள் பழைய டோஸிலேயே மறுபடி ஆரம்பிக்காமல் டாக்டரைக் கேட்க வேண்டும்.

டாக்டர்கள் மேலும் எனக்குக் குறை உண்டு. ஊசி எழுதுகிறவர்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று அதே சீட்டின் அடியில் இரண்டு வரி எழுதினால் என்ன? தமிழிலோ மலையாளத்திலோ, எங்களுக்கு இரண்டும் வாசிக்க வரும்.