சந்தேகம் மாத்திரைமேல் மட்டும்தானா?

எங்கள் பெரியப்பாவுக்குச் சர்க்கரை. தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேருக்கு இருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் மருந்துக் கம்பெனிக்காரன் வேலை, எதையும் கேள்வி கேட்கணும்" என்கிறார். சரி, கேளுங்கள். ஆனால் பாகற்காய்ச் சாறு குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று வாட்ஸப்பில் வந்ததை மட்டும், எழுதியது யார், எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுகிறார். வயிறு எரிகிறது.

அதுவும் இந்த நாட்டில் இருந்துகொண்டு! 2000இல் எய்ட்ஸ் மாநாடு நம் டர்பனிலேயே நடந்தது. எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. கிருமிதான் காரணம் என்று 5,000க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள், மருத்துவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். அப்போதும் அதிபர் எம்பெக்கி சந்தேகப்பட்டுக்கொண்டே இருந்தார், அவருடைய சுகாதார அமைச்சர் எய்ட்ஸுக்குப் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை சாப்பிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளுக்கு, குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிராபின் மருந்தைக் கொடுக்கச் சொல்லி 2002இல் அரசியல் சாசன நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியதாயிற்று. எய்ட்ஸ் மருந்து மக்களுக்குப் போய்ச் சேராததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று 2008இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

சந்தேகப்படுவது தப்பே இல்லை, விஞ்ஞானியின் பிழைப்பே அதுதான். அப்புறம் ஆதாரம் வந்தால் அவர் மனதை மாற்றிக்கொள்வார், அந்த வாட்ஸப் செய்தி மாற்றிக்கொள்ளுமா? பெரியப்பா, பாகற்காயைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.