ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஃபைன், அந்தப் பக்கம் பிஸ்கட்

எரிச்சல் தாங்கல. எங்க பக்கம் குரங்குக்கோ மானுக்கோ தீனி போட்டா ஃபைன், குப்பைத்தொட்டிய மூடாம விட்டாலும் ஃபைன், சரி நல்ல ரூல்தான்னு நாங்களும் ஒழுங்கா இருக்கோம், ஆனா ரோட்டைத் தாண்டுனா பக்கத்து ஊரு, அங்க கையில வெச்சு ஊட்டுனாத்தான் தப்பாம், கீழ கொட்டி வெச்சுட்டுப் போனா கேக்க நாதியில்ல. அவனவன் காரை நிறுத்தி, கண்ணாடிய இறக்கி, பிஸ்கட்ட வீசிட்டு, குழந்தைய முன்னாடி நிக்கவெச்சு போட்டோ எடுக்குறான்.

அந்தக் குரங்குக் கூட்டம் அங்கயே இருந்துடுமா? சாயங்காலம் எங்க காம்பவுண்ட் சுவர் மேலதான் வரிசையா உக்காந்திருக்கு. கவர் சரசரன்னு சத்தம் கேட்டா போதும், அத்தனை தலையும் ஒண்ணா திரும்புது, அப்புறம் கையில இருக்குறத பிடுங்காம விடாது. கடிச்சா ரேபிஸ் ஊசிக்கு ஓடுறது நாங்க.

மானுக்கு நல்லது பண்றோம்னு நெனச்சு மூட்டை மூட்டையா மக்காச்சோளம் கொட்டுறவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அது அசைபோடுற ஜீவன்ங்க. அது வயித்துல தீனிய செரிக்க வைக்கிற நுண்ணுயிர்ங்க புது தீனிக்குப் பழகவே ரெண்டு மூணு வாரம் ஆகும், இலை தழை தின்னுட்டிருந்தது திடீர்னு தானியத்த அள்ளித் தின்னா வயித்துல அமிலம் ஏறி, வயிறு நெறைய தீனியோடயே செத்துப்போகும். பட்டினியில சாகல, நீங்க போட்டதுல சாகுது!

வட அமெரிக்காவுல மானுங்களுக்கு மூளைய அரிக்கிற ஒரு நோய் இருக்கு, கொலராடோவுல 1967ல முதல்ல பார்த்தது, இன்னிக்கு வரைக்கும் மருந்து கிடையாது. எச்சில், மூத்திரம் வழியா பரவும், மண்ணுல வருஷக்கணக்கா அழியாம கிடக்கும். ஒரே எடத்துல தீனி கொட்டுனா சுத்துவட்டாரத்து மானெல்லாம் அங்கதான் வாய் வைக்கும், அதனாலதான் நோய் வந்த பல எடத்துல தீனி போடவே தடை. ஆனா அந்தத் தடையும் எல்லையோட நின்னுட்டா, கோட்டுக்கு அந்தாண்ட கொட்டுற ஒரு மூட்டை போதும், இந்தாண்ட கட்டுப்பாடா இருக்குறவன் பாடு வீண்.

ரெண்டு ஊரு அதிகாரிங்களும் ஒரு மேஜையில உக்காந்து ஒரே ரூல், ஒரே ஃபைன்னு எழுத என்னங்க தடை? கேட்டா "அது எங்க எல்லையில வராது"ன்னு ரெண்டு பேரும் கைய விரிக்கிறாங்க. நாளைக்கு யாரையாவது கடிச்சுட்டா உடனே கூண்டோட வந்து குரங்கைப் பிடிச்சிட்டுப் போயிடுவாங்க, பழக்கிவிட்டவன் வீட்டுக்கு ஒரு நோட்டீஸ் கூட போகாது.