அதிர்வு மோட்டாரை விட்டுவிட்டீர்களே

பழைய போனைப் பிரித்துப் பார்க்கச் சொல்லும் உங்கள் கட்டுரை நன்று. ஆனால் கேமரா, சிப் என்று நீட்டி எழுதிவிட்டு அதிர்வு மோட்டாரை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதுதான் பெரிய ஆச்சரியம். பழைய பட்டன் போன்களில் அது விரல் நுனி அளவுள்ள சாதாரண மோட்டார்தான். அதன் அச்சில் அரைவட்டத் துண்டு ஒன்று ஒருபக்கமாகத் தொங்கும். எடை ஒரே பக்கம் இருப்பதால் சுழலும்போது மோட்டாரே குலுங்கும், கூடவே போனும் குலுங்கும். அந்தத் துண்டு பெரும்பாலும் டங்ஸ்டன் என்ற உலோகம். இரும்பைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி என்பதால் சின்ன இடத்திலேயே போதிய எடை கிடைத்துவிடுகிறது. கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள், மேசை மேல் வண்டு மாதிரி ஓடும்!

அப்புறம், போனுக்குள் உள்ள சர்க்யூட் போர்டின் மேல் இருக்கும் தகரப் பெட்டிகள் ரேடியோ அலைகள் ஒன்றோடொன்று குழம்பாமல் தடுப்பவை. நெம்பினால் அடியில் சிப்புகள் தெரியும்.

ஒன்று மட்டும்: லித்தியம் பேட்டரியை முதலில் கழற்றித் தள்ளி வையுங்கள். ஒட்டியிருந்தால் ஸ்க்ரூடிரைவரால் குத்தி நெம்பாதீர்கள், ஓட்டை விழுந்தால் தீப்பிடிக்கும். உப்பியிருந்தால் அந்தப் போனைப் பிரிக்கவே வேண்டாம்.