முகத்தைப் பார்க்காதீர்கள், கறுப்பைப் பாருங்கள்

பழைய செதுக்குப்படங்களை, அதாவது உலோகத் தகட்டில் செதுக்கித் தாளில் அச்சிட்ட படங்களை, பகிர்கிறவர்கள் முகத்தை மட்டும் வெட்டிப் போடுவதை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும். காசு கொடுத்து வாங்குகிறவர்களும் அப்படித்தான், படத்தில் இருப்பது யார் என்று மட்டும் பார்க்கிறார்கள். அது தகட்டிலிருந்து எத்தனையாவது வாக்கில் எடுத்த படி என்று கேட்பவர் குறைவு.

ஹென்றி ஆல்ட்ரிச் படத்தை எடுத்துக்கொள்வோம். 1689 முதல் 1710இல் இறக்கும்வரை ஆக்ஸ்ஃபோர்டின் கிறைஸ்ட் சர்ச் கல்லூரிக்கு டீன், அதாவது தலைவர். அந்தக் கல்லூரியின் ஆலயமே மறைமாவட்டக் கதீட்ரலும்கூட. கதீட்ரல் பாடகர் குழுவுக்கு இசையமைத்த குருவானவர் இவர். தர்க்க நூல் எழுதியிருக்கிறார், அந்தக் கல்லூரியின் பெக்வாட்டர் கட்டடத்தை வடிவமைத்திருக்கிறார். புகைக்குழாயைக் கீழே வைக்காத மனிதர், பாடுகிறவர்கள் நடுவே புகை இழுத்துக்கொள்ள இடம் விட்டு ஒரு பாட்டே கட்டினார் என்றால் பாருங்கள். அச்சுப்படங்கள் சேர்க்கும் பித்தும் உண்டு, அந்தத் தொகுப்பு இன்றும் கிறைஸ்ட் சர்ச்சில் இருக்கிறது.

காட்ஃப்ரி நெல்லர் தீட்டிய இவரது ஓவியத்தை ஜான் ஸ்மித் மெஸ்ஸோடின்ட் முறையில் செம்பில் இறக்கினார். உளியால் கோடு இழுக்கும் வேலையல்ல இது. வளைந்த விளிம்பில் நுண்பற்கள் கொண்ட ராக்கர் என்ற கருவியைத் தகட்டின் மேல் ஆட்டி ஆட்டி, குறுக்கும் நெடுக்கும் மூலைவாட்டிலும் நகர்த்தி, தகடு முழுக்கப் பிசிறு எழுப்ப வேண்டும். சலிப்பூட்டும் வேலை, நாள்கணக்கில் ஆகும். ஆட்டத்தில் விட்டுப்போன இடம் அச்சில் வெள்ளைக் கீறலாகக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த நிலையில் மையிட்டால் தாள் முழுவதும் கும்மிருட்டு. பிறகுதான் படம் பிறக்கிறது. சுரண்டியால் பிசிறைக் குறைக்கக் குறைக்கச் சாம்பல் நிறம் வரும். மூக்கின் நுனி, கண்மணியின் ஒளிப்புள்ளி, கழுத்துப்பட்டை ஆகியவற்றைத் தேய்த்து வழவழப்பாக்கினால் மை நிற்காது, அங்கே வெள்ளை. அச்சில் இடவலம் மாறும் என்பதால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகவே செய்ய வேண்டும்.

மையைப் பிடித்து வைப்பது அந்தப் பிசிறு. உருளை அச்சு எந்திரத்தில் ஒவ்வொரு முறை போகும்போதும் அது நசுங்குகிறது. நல்ல படி நூறு இருநூறு கிடைத்தாலே அதிகம். முதலில் போவது கறுப்பு அங்கியின் மடிப்புகள்தாம். குருமார் படங்களுக்கு இதுதான் சாபம். தேய்ந்த படியில் அங்கி ஒரே சாம்பல் பூச்சாகிவிடும், முகம் மட்டும் ஓரளவு தப்பும். முகத்தை வெட்டிப் போட்டால் தேய்மானம் தெரியாமல் போவது இதனால்தான். தேய்ந்த தகட்டை மறுபடி ராக்கரால் கொத்தி விற்பதும் உண்டு. அப்போது கறுப்பு திரும்பும், நிழலின் படிநிலைகள் முரடாகிவிடும். ஸ்மித்தின் தகடுகள் பலவற்றைப் பின்னாளில் ஜான் பாய்டெல் என்ற அச்சுப்பட வெளியீட்டாளர் வாங்கி மறு அச்சிட்டார்.

எப்படிக் கண்டுபிடிப்பது? தாளை வெளிச்சத்தில் பிடியுங்கள். சுமார் 25 மி.மீ. இடைவெளியில் கம்பிக்கோடுகள் தெரிந்தால் ஆறுதல், பழைய தாள் அச்சின் கம்பிகள் விட்ட தடம் அது. ஆனால் அதுவே சான்றாகிவிடாது. கோடே இல்லாத நெய்தாள் இங்கிலாந்தில் 1757 வாக்கில்தான் வருகிறது, ஆகவே அது பின்னாள் படி. பத்து மடங்கு லென்ஸில் ஒளி நிழலாகும் ஓரத்தைப் பார்த்தால் ராக்கரின் பல்தடம் வரிசையாகத் தெரியும். ஒரே சீரான புள்ளிகள் என்றால் பின்னாள் இயந்திர அச்சு, புத்தகத்திலிருந்து கிழித்ததாகக்கூட இருக்கலாம். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திய தடம் இல்லையென்று மட்டும் நிராகரிக்காதீர்கள், ஓரத்தை ஒட்ட வெட்டுவது அக்காலச் சேகரிப்பாளர்களின் வழக்கம்.

கீழ் எழுத்தையும் படியுங்கள். பின்க்ஸிட் என்றால் தீட்டியவர், ஃபெகிட் என்றால் தகட்டைச் செய்தவர், எக்ஸ்குடிட் என்றால் வெளியிட்டவர். நெல்லருக்கு நைட் பட்டம் 1692இல், பாரனெட் பட்டம் 1715இல். எந்தப் பட்டம் பொறித்திருக்கிறது என்பதை வைத்து அந்த எழுத்து எந்த ஆண்டுக்கு முந்தியிருக்க முடியாது என்று சொல்லிவிடலாம்.

இப்படிப்பட்ட அச்சுப்படத்தை “ஓவியத்தின் நகல்” என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆல்ட்ரிச்சே இத்தாலிய இசையமைப்பாளர் பாலஸ்த்ரீனாவின் லத்தீன் இசைக்கு ஆங்கிலச் சொற்களைப் பொருத்தி, தன் பாடகர்களுக்கு ஏற்ப மாற்றி அமைத்தவர். ஸ்மித் செம்பில் செய்ததும் அந்த வகை வேலைதான், வண்ணத்தை இருளும் ஒளியுமாக மறுபடி யோசித்திருக்கிறார்.

கையில் கிடைத்தால் கறுப்பின் மேல் விரல் படக்கூடாது, அழிரப்பர் கூடவே கூடாது. வழித்த தடம் மினுமினுப்பாக நின்றுவிடும். லேமினேஷன் செய்தால் முடிந்தது கதை. அமிலமற்ற அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடி படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டு, ஜப்பானியத் தாள் கீற்றும் கோதுமை ஸ்டார்ச் பசையும் கொண்டு மேல் ஓரத்தில் மட்டும் ஒட்டுங்கள்.